வாளித் தண்ணீரில் ஆழ்கடல்: வாசகர் கேள்வி – பதில்

கடல் ஆய்வுக் கருவிகளைப் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்து பார்ப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். செய்து முடித்த கருவி எதையாவது அளக்க வேண்டும், அல்லது ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே நிபந்தனை. நீல வண்ணம் பூசி அலமாரியில் வைக்கும் அட்டைக் கப்பல்கள் இந்தப் பக்கத்தில் இல்லை.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. வாளித் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்; வேலை முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீர் நிறைத்து இறுக மூடிய பாட்டிலை அழுத்தினால் உள்ளே மிதக்கும் பேனா மூடி முங்க வேண்டும், விட்டால் எழ வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாள் முங்கவே இல்லை. மறுநாள் முங்கியது மேலே வரவில்லை. மகளுக்கு ஏழு வயது, சலித்துப்போய்விட்டாள்.
— வாசகி, சிதம்பரம்

இரண்டுமே நல்ல செய்திதான். முங்காததற்கும் எழாததற்கும் காரணம் கண்டுபிடித்தால் நீர்மூழ்கியின் பாதிக் கணக்கு புரிந்துவிடும்.

முதலில் மூடியைப் பாருங்கள். பல பேனா மூடிகளின் நுனியில் சிறு துளை இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் மூச்சு போவதற்காக வைத்தது. அதைக் களிமண்ணால் அடைக்காவிட்டால் உள்ளே காற்றே நிற்காது. பிறகு மூடியின் கொக்கியில் பட்டாணி அளவு களிமண்ணை ஒட்டி, பாட்டிலில் போடுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் வாய் கீழே இருக்கும்படி விட்டுப் பாருங்கள். நுனி நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் தெரிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் குழந்தையின் கை வலு போதாது, முங்காது. இன்னும் துளி களிமண் சேருங்கள்.

பாட்டில் கழுத்து வரை இல்லை, விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். மேலே காற்று நின்றால், நீங்கள் அழுத்தும்போது முதலில் அந்தக் காற்றுதான் சுருங்கும். மூடிக்குள் இருக்கும் காற்றுக்கு அழுத்தம் குறைவாகவே போய்ச் சேரும்.

முங்கி எழாமல் போனதற்கு மூன்று காரணங்கள் உண்டு. களிமண் கூடியிருக்கலாம். பாட்டிலைச் சாய்த்தபோது மூடிக்குள் இருந்து ஒரு குமிழி தப்பியிருக்கலாம். அல்லது பாட்டிலே மெல்லியதாக இருக்கலாம்: ஒரு முறை குடித்துவிட்டுப் போடும் தண்ணீர் பாட்டில் அழுத்திய இடத்தில் நசுங்கியபடியே நின்றுவிடும், உள்ளே அழுத்தம் இறங்காது. சோடா வகைக் குளிர்பான பாட்டில் கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதுதான் சரி. காலையில் பார்த்தால் தானாகவே அடியில் கிடக்கிறது என்றால் இரவுக் குளிரில் உள்ளிருந்த காற்று சுருங்கியிருக்கும். மதியம் வெயிலில் வைத்தால் எழக்கூடும். மகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் பேனா மூடிக்குப் பதில் சொட்டு மருந்தோடு வரும் கண்ணாடி டிராப்பரைப் போடுங்கள். பாட்டிலை அழுத்தும்போது அதன் குழாயில் தண்ணீர் ஏறுவதும், விட்டதும் இறங்குவதும் தெளிவாகத் தெரியும். தண்ணீர் ஏறிய அளவுக்குக் காற்றின் இடம் குறைகிறது, அதனால் முங்குகிறது.

இதே கணக்கில் கடலில் ஏறி இறங்கும் கருவிக்கு ஆர்கோ மிதவை என்று பெயர். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் திரிகின்றன. தனக்குள் இருக்கும் எண்ணெயை ஒரு பம்பால் வெளிப்பைக்குத் தள்ளினால் மிதவையின் பருமன் கூடி எழும். எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டால் முங்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து திரிந்து, பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலேறி, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி முங்குகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நாள். எடை மாறவில்லை, பருமன்தான் மாறுகிறது என்பதை டிராப்பரைக் காட்டிச் சொன்னால் ஏழு வயதுக்குப் புரியும்.

மின்சாரம் போய்விட்டால் ஆழத்தில் இருப்பவர்கள் எப்படி மேலே வருவார்கள் என்று மகன் கேட்கிறான்.
— வாசகர், கரூர்

எடையை உதறிவிட்டு வருவார்கள். 1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட் கலத்தில் உலகின் மிக ஆழமான இடத்துக்குப் போனார்கள். கலத்தைக் கீழே இழுத்தவை டன் கணக்கான இரும்புக் குண்டுகள். அவற்றைப் பிடித்து வைத்திருந்தது மின்காந்தம். மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடும், குண்டுகள் கொட்டிவிடும், கலம் தானாக எழும். பழுதானால் காப்பாற்றும் பக்கமே சாய வேண்டும் என்று யோசித்துச் செய்த அமைப்பு அது.

வீட்டில் இதை நூல் கல்கண்டு வைத்துக் காட்டலாம். பத்து கிராம் அளவுள்ள கட்டியின் நூலில், ஒரு பெரிய நெல்லிக்காயில் கால் பங்கு அளவு தெர்மோகோல் துண்டைக் கட்டி, உயரமான பாத்திரத் தண்ணீரில் விடுங்கள். முங்கும். கல்கண்டு கரையக் கரைய எடை குறைந்து ஒரு கட்டத்தில் தெர்மோகோல் அதை இழுத்துக்கொண்டு எழும். முங்கவே இல்லை என்றால் தெர்மோகோல் பெரிது, கிள்ளி எடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் எத்தனை நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில் எத்தனை நிமிடம் என்று மகன் குறித்து வைக்கட்டும்.

பாட்டிலில் மூன்று துளை போட்டால் அடித்துளைத் தண்ணீர்தான் அதிக தூரம் பாயும் என்று படித்திருக்கிறோம். எங்களுக்கு நடுத்துளைதான் ஜெயித்தது. என்ன தவறு?
— வாசகி, காரைக்குடி

நீங்கள் செய்ததில் தவறு இல்லை. பாட்டிலைத் தரையில் வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் நடுத்துளைதான் ஜெயிக்கும்; எத்தனையோ படங்கள் இதைத் தப்பாகத்தான் வரைந்து காட்டுகின்றன.

அடித்துளையில் அழுத்தம் அதிகம், தண்ணீர் வேகமாகத்தான் வருகிறது. ஆனால் அதற்குத் தரையைத் தொட நேரமே இல்லை. மேல்துளைக்கு நேரம் நிறைய, வேகம் குறைவு. 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறைத்து, அடியிலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரத்தில் துளைகள் போட்டால் கணக்குப்படி அடித்துளையும் மேல்துளையும் ஒரே இடத்தில், 17 செ.மீ. தூரத்தில் விழும், நடுத்துளை 20 செ.மீ. போகும்.

இப்போது அதே பாட்டிலை 50 செ.மீ. உயரமுள்ள ஸ்டூலின் ஓரத்தில் வையுங்கள். தரையில் அடித்துளைத் தண்ணீர் 57, நடுத்துளை 49, மேல்துளை 36 செ.மீ. என்று வரிசையாக விழ வேண்டும். நிஜத்தில் துளையின் ஓரம் தண்ணீரைத் தடுப்பதால் எல்லாமே கொஞ்சம் குறையும், வரிசை மாறாது. துளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடாமல் பக்கவாட்டில் ஒரு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் தாரைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். துளைகள் ஒரே அளவாக இருக்கட்டும். ஆணியைச் சூடாக்கித் துளைப்பது பெரியவர் வேலை. அளக்கும்போது மேலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து மட்டத்தைக் காப்பாற்றுங்கள்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் காற்று மண்டலம் ஒன்றின் அழுத்தம் கூடுகிறது. ஆழ்கடல் கருவிகள் தாம் இருக்கும் ஆழத்தை அறிவதே இந்த அழுத்தத்தை வைத்துத்தான்.

பள்ளியில் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலத்துக்கு ஒரு மாதிரி செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மோகோல் உருண்டை போதுமா?
— வாசகர், செங்கல்பட்டு

கால்பந்து இருக்கிறதா? ஐந்தாம் எண் கால்பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யாவில் மூன்று பேர் உட்காரும் டைட்டானியம் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் கனம் 80 மி.மீ. இரு பக்கச் சுவரையும் சேர்த்தால் வெளிவிட்டம் 2.26 மீட்டர். ஆக, பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கால்பந்து கச்சிதமாகப் பொருந்தும். அந்த அளவில் சுவர் 8 மி.மீ., உட்கார்ந்த மனிதர் இடுப்பிலிருந்து தலை வரை எட்டரை செ.மீ. அட்டையில் மூன்று உருவம் வெட்டிப் பந்தின் பக்கத்தில் நிறுத்தினால் அளவு கண்ணுக்குப் புலப்படும்.

ஆனால் மாதிரியைவிடப் பயனுள்ளது தரையில் ஒரு சாக்பீஸ் வட்டம். ஒரு மீட்டர் ஐந்து செ.மீ. நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டிச் சுற்றுங்கள். உள்ளே மூன்று பேர் உட்காருங்கள். நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வையுங்கள், கருவிகளுக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் இடம் வேண்டுமே. அரை மணி நேரம் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. மத்ஸ்யாவின் வழக்கமான பயணம் 12 மணி நேரம்; அவசரத்துக்கு 96 மணி நேரம் உயிர் காக்கும் ஏற்பாடு.

ஏன் உருண்டை என்று ஆசிரியர் கேட்பார். காலியான பழரச அட்டைப் பெட்டியின் ஸ்ட்ராவில் காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். தட்டையான பக்கங்கள்தான் முதலில் உள்ளே குழியும். கோளத்தில் தட்டையான பக்கமே இல்லை. அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். 6,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ. கட்டைவிரல் நகத்தின் மேல் மூன்று புல்லட் மோட்டார் சைக்கிள்களை அடுக்கியது போல.

பெரிஸ்கோப் செய்தோம், படம் பாதிதான் தெரிகிறது.
— வாசகர், ஓசூர்

கண்ணாடி குட்டையாக இருக்கும். 7 செ.மீ. அகலப் பெட்டியில் 45 பாகை சாய்த்து வைக்கும் கண்ணாடிக்கு 10 செ.மீ. நீளம் வேண்டும். குழாய் நீளமானாலும் பார்வை குறுகும், 30 செ.மீ.க்கு மேல் போகாதீர்கள். கண்ணாடியின் விளிம்புகளை டேப் ஒட்டி மூடுங்கள். ஆனால் இது, முங்கியபடியே கடல்மட்டத்துக்கு மேலே பார்க்கப் போர் நீர்மூழ்கிகள் வைத்திருக்கும் கருவி. ஆழ்கடல் ஆய்வுக் கலத்தில் பெரிஸ்கோப் கிடையாது, கனத்த ஜன்னலும் விளக்கும் கேமராவும்தான்.

கடலுக்கடியில் இருக்கும் மலையையும் பள்ளத்தையும் பார்க்காமலே எப்படி வரைபடமாக்குகிறார்கள்? ஒன்பது வயதுப் பையனுக்குச் செய்து காட்ட வேண்டும்.
— வாசகி, நாகப்பட்டினம்

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

செருப்புப் பெட்டி ஒன்று எடுத்து, பையன் பார்க்காதபோது அடியில் களிமண், கூழாங்கல், கவிழ்த்த டம்ளர் என்று மேடும் பள்ளமும் அமைத்து அசையாமல் ஒட்டுங்கள். மூடியில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டம் போட்டு, புள்ளிகளில் கோணி ஊசியால் துளையிடுங்கள். ஆறு வரிசை, பத்துப் பத்தி, மொத்தம் 60 துளை. அளவுகோலாகத் துடைப்பத்திலிருந்து தடித்த ஈர்க்குச்சி ஒன்று, ஒவ்வொரு செ.மீ.க்கும் மாற்றி மாற்றி இரண்டு நிறம் பூசுங்கள். பையன் ஒவ்வொரு துளையிலும் குச்சியைச் செங்குத்தாக இறக்கி, மூடியிலிருந்து எத்தனை செ.மீ. இறங்கியது என்று கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். மூன்று செ.மீ. வரை மஞ்சள், ஆறு வரை வெளிர்நீலம், அதற்கு மேல் கருநீலம் என்று வண்ணம் தீட்டினால் மலை எழும்பி நிற்கும்.

முதல் முறை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். வரைந்து முடித்த பிறகு எல்லாத் துளையிலும் அளந்து இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதல் படத்தில் எது விட்டுப்போனது என்று பையனே சொல்வான். இன்னொன்றும் வேண்டுமென்றே செய்யுங்கள்: நான்கு துளைகளுக்கு நடுவே ஒரு பென்சில் பேட்டரியை நிறுத்தி வையுங்கள். அவன் படத்தில் அது வராது. பெட்டியைத் திறக்கும்போது முகத்தைப் பாருங்கள்! கப்பல்கள் அளக்காமல் விட்ட இடைவெளிகளில் இப்படித்தான் கடல் மலைகள் ஒளிந்திருக்கின்றன. கடற்பரப்பின் அடித்தளத்தில் நல்ல துல்லியத்தோடு வரைபடமானது இன்றைக்கும் கால்வாசிக்குச் சற்று மேல்தான்.

எண்கள் தாறுமாறாக வந்தால் குச்சி சாய்ந்திருக்கும், அல்லது ஈரக் களிமண்ணுக்குள் குத்தியிருக்கும். களிமண்ணை ஒரு நாள் காயவிடுங்கள்.

குச்சி எட்டாத ஆழத்துக்குக் கயிறு. நாகையில் கேட்டால் மீனவர்கள் ‘இத்தனை பாகம் ஆழம்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், சுமார் ஆறு அடி. ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கையால் பாகம் பாகமாக அளந்து எடுப்பதுதான் முறை. உங்கள் பையனின் பாகம் எவ்வளவு என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் இதே முறையில்தான் அளந்தது. 1875இல் பசிபிக்கில் குவாம் தீவுப் பக்கம் அவர்கள் விட்ட கயிறு 4,475 பாகம், அதாவது எட்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கியது.

வீட்டில் பருத்திக் கயிறு என்றால் நனைத்த பிறகு முடிச்சுப் போடுங்கள், நனைந்தால் நீளம் மாறும். நுனியில் பெரிய இரும்பு நட்டு. சின்ன நட்டு கட்டினால் தரை தொட்டது கைக்குத் தெரியாது. நட்டின் அடியில் வாசலின் தடவி, மணல் போட்ட வாளியில் இறக்குங்கள். மணல் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் காலத்துக் கப்பல்களில் ஈயக் குண்டின் அடிக்குழியில் கொழுப்பு அப்பி, அடியில் மணலா சேறா என்று பார்த்தது இப்படித்தான்.

இன்று ஒலிதான் கயிறு. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கப்பலிலிருந்து ‘பிங்’ என்று அனுப்பிய ஒலி திரும்பிவர நான்கு நொடி ஆனால், போக இரண்டு, வர இரண்டு. ஆழம் 3,000 மீட்டர். உலகின் மிக ஆழமான இடம் ஏறத்தாழ 10,900 மீட்டர். பையன் ‘பிங்’ சொல்லட்டும், நீங்கள் கடிகாரம் பார்த்து பதினான்கரை நொடி கழித்துப் பதில் ‘பிங்’ சொல்லுங்கள். அந்த மௌனம்தான் ஆழம். இந்த எதிரொலி எண்களைத் தாளில் வரைந்துகொண்டிருந்தபோதுதான் 1950களில் அமெரிக்காவின் மேரி தார்ப், அட்லாண்டிக்கின் நடுமலைத் தொடரின் முதுகில் ஒரு பிளவு ஓடுவதைக் கண்டார். நிலத்தட்டுகள் விலகுகின்றன என்பதற்கு அது பெரிய சான்றானது.

நான்கு வயதுக் குழந்தைக்கு ஏதாவது?
— வாசகி, திருச்சி

நீலக் கண்ணாடித்தாள் நாலைந்து மடிப்பு. சிவப்பு, மஞ்சள், நீல நிறத்தில் காகித மீன்களைக் கறுப்புத் துணியில் பரப்பி, தாள் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு மீன் கறுத்து மறைந்துவிடும். கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. ஆழத்தில் வாழும் பல உயிர்கள் சிவப்பாக இருப்பது ஒளிந்துகொள்ளத்தான். மறையவில்லை என்றால் இன்னொரு மடிப்பு. பிறகு தாளை விலக்கி டார்ச் அடித்தால் சிவப்பு திரும்பிவிடும். ஆய்வுக் கலங்கள் விளக்கோடு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீரின் தெளிவை அளக்க எளிய கருவி உண்டா? எங்கள் வீடு கடல்நீரேரிக்குப் பக்கத்தில்தான்.
— வாசகர், யாழ்ப்பாணம்

செக்கி தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளரும்கூட, போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். இன்றும் கடலுக்கு வெள்ளைத் தட்டும், ஏரிகளுக்கு 20 செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளையாக நான்கு பங்கிட்ட தட்டும் பயன்படுத்துகிறார்கள்.

பழைய பிளாஸ்டிக் தட்டில் வண்ணம் பூசி, நடுவில் துளையிட்டு, அடியில் கனமான நட்டு, மேலே 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. இறக்கும்போது மறையும் ஆழத்தையும் தூக்கும்போது தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வெயில் மினுங்கும் பக்கத்தில் நின்றால் எண் குறையும். நிழல் பக்கத்தில் நின்று, குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தட்டு சாய்ந்து தொங்கினால் நட்டு நடுவில் இல்லை என்று பொருள். பிள்ளைகளோடு தோணித்துறையில் பெரியவர் இருந்தால் மட்டும்.

வீட்டுக்குள் செய்ய, உயரமான கண்ணாடிக் குவளையின் அடியில் ஒரு ரூபாய் அளவு கறுப்பு வெள்ளை வட்டத்தை வெளிப்புறம் ஒட்டி, அரிசி கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேலிருந்து பாருங்கள். வட்டம் மறையும் உயரத்தைக் குறியுங்கள். முதல் கழுவல், இரண்டாம் கழுவல், மூன்றாம் கழுவல்: மூன்று எண்கள் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பு மகள், மோட்டார் வைத்து ஓடும் நீரடி ரோபோ செய்ய வேண்டும் என்கிறாள். கிட் வாங்காமல் முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

முடியும். சாதாரண பொம்மை மோட்டாரை நீர் புகாமல் அடைக்கப் பாடுபடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 3–6 வோல்ட் குட்டி நீரடி பம்பே தள்ளும் எந்திரமாகிவிடும். மூன்று வாங்குங்கள்.

சட்டத்துக்கு அரை அங்குல பிவிசி பைப்: 25 செ.மீ. இரண்டு, 15 செ.மீ. இரண்டு, நான்கு எல்போ. பைப்பில் ஆங்காங்கே 5 மி.மீ. துளை போட மறக்க வேண்டாம். துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று சட்டம் மிதந்தே கிடக்கும். இரண்டு பம்புகளின் வாய் பின்பக்கம் பார்க்க இடமும் வலமும், ஒன்று நடுவில் வாய் மேல்பக்கம் பார்க்க. அது ஓடினால் ரோபோ முங்கும், நிறுத்தினால் மெல்ல எழ வேண்டும். இடது பம்பு மட்டும் ஓடினால் வலப்பக்கம் திரும்பும். வயரை மாற்றிக் கொடுத்தால் பின்னால் வரும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். இந்தப் பம்பு எப்படிச் சுற்றினாலும் தண்ணீரை ஒரே வாய் வழியாகத்தான் தள்ளும்.

சட்டத்துக்கு மேலே தெர்மோகோல், கீழே நட்டுகள். இந்த வரிசை மாறினால் ரோபோ குப்புறக் கவிழும். தெர்மோகோலைத் துளித்துளியாக வெட்டி, மேல் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பாதி நாள் இதற்கே போகும், மகளை அவசரப்படுத்தாதீர்கள்.

மின்சாரம் நான்கு பென்சில் பேட்டரி, 6 வோல்ட், கரையில் பெட்டிக்குள். பம்புக்கு ஒரு புஷ் பட்டன். சுவர் பிளக்கில் மாட்டும் அடாப்டர் எதுவும் தண்ணீர்ப் பக்கமே வரக் கூடாது. பம்பின் வயர் குட்டையாக இருப்பதால் இணைப்பு தண்ணீருக்குள்தான் வரும்: சால்டர் வைத்து, க்ளூ கன் பசை பூசி, மேலே சுருங்கும் ஸ்லீவ். வெறும் டேப் சுற்றினால் சில நாளில் செம்பு பச்சைப் பூத்துவிடும். வயர் இரண்டு மீட்டர், மெல்லியது, வளையக்கூடியது. தடித்த வயர் ரோபோவைத் தன் போக்கில் இழுத்துப்போகும். பம்பைத் தண்ணீருக்கு வெளியே ஓட்டிப் பார்க்காதீர்கள், கருகிவிடும்.

கயிறு போல் தொங்கும் இந்த வயர் பெரிய கருவிகளுக்கும் உண்டு. 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை போன இந்தியாவின் ரோசப் 6000 என்ற ஆளில்லா நீரடி ரோபோவுக்கு மின்சாரம் இறங்கியதும் படங்கள் ஏறியதும் ஒரு கம்பிவடத்தின் வழியாகத்தான்.

ஓட்டிப் பார்க்கக் கிணறும் வேண்டாம், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். காற்றடைக்கும் குழந்தைகள் குளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். அடியில் சில வாஷர்களைப் போட்டு, ரோபோவின் அடியில் ஒரு காந்தம் ஒட்டினால் ‘மாதிரி சேகரிக்கும்’ பயணமாகவே செய்யலாம். காந்தம் கூடுதல் எடை. தெர்மோகோலை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.